முன்னால் ஒரு பூஜ்யம்: லைப்ரரி கறாரானால் எது உடையும்?

012.0.0.1 என்று ஒரு ஐபி முகவரி. 2021 தொடக்கத்தில் இருந்த கோ (Go) நிரல்மொழியின் லைப்ரரியிடம், அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல்தொகுப்பிடம், இதைக் கொடுத்தால், முன்னால் இருக்கும் பூஜ்யத்தைக் கண்டுகொள்ளாமல் 12.0.0.1 என்று படிக்கும். சி (C) மொழி லைப்ரரியின் பழைய செயற்கூறுகளோ, பூஜ்யத்தில் தொடங்கினால் அது ஆக்டல் எண், அதாவது எட்டை அடிமானமாகக் கொண்ட எண் என்று எடுத்துக்கொள்ளும். 1×8 + 2 = 10. ஆக, 10.0.0.1. முன்னது வெளி இணையத்தில் உள்ள முகவரி. பின்னது நிறுவனங்களின் உள் நெட்வொர்க்குக்கு என ஒதுக்கிய வரிசையில் வருவது.

ஓட்டை இங்கேதான். பயனர் கொடுக்கும் முகவரியிலிருந்து படத்தை இறக்கித் தரும் ஒரு சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். உள் முகவரியாக இருந்தால் மறுத்துவிட வேண்டும் என்று அதில் ஒரு சோதனை இருக்கிறது. சோதிக்கும் லைப்ரரி '12தானே, போகலாம்' என்று விடுகிறது. உண்மையில் இணைப்பைப் போடும் பகுதி 10.0.0.1இன் கதவைத் தட்டுகிறது.

தீர்வு ஒரு வரி: முன்னால் பூஜ்யம் இருந்தால் பிழை என்று சொல்லிவிடுவது. பைத்தான் மொழி 2021 மே மாதம் 3.9.5 பதிப்பில் அப்படித்தான் செய்தது. வேடிக்கை என்னவென்றால், 3.8க்கு முன்பு இதே 012ஐ அது ஏற்றதே இல்லை. இடையில் தளர்த்தியதால் வந்த வினை. கோ அதே ஆண்டு ஆகஸ்டில் 1.17 பதிப்பில் கதவை மூடியது.

ஆனால் முகவரிகளை 010.001.002.003 என்று மூன்று மூன்று இலக்கமாக நிரப்பி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் நேராக நிற்கும், வரிசைப்படுத்தவும் வசதி. அப்படி எழுதிய கோப்பு வருடக்கணக்காக ஓடியிருக்கும். லைப்ரரி எழுதியவருக்கு அது பிழையான உள்ளீடு. அந்தக் கோப்பின் சொந்தக்காரருக்கோ நேற்றுவரை வேலை செய்த ஒன்று. அதிலும் 3.9.5 போன்ற சிறு பதிப்புகளை, பிழைதிருத்தம்தானே என்று பலரும் யோசிக்காமல் ஏற்றிவிடுவார்கள். பாதுகாப்பு ஓட்டை என்பதால் பைத்தான் செய்தது சரி என்றே நினைக்கிறேன். வெறும் ஒழுங்குக்காக இப்படிச் செய்திருந்தால் நியாயம் இல்லை.

இதில் பெரிய சிக்கல் குபர்நெட்டிஸுக்கு. பல சர்வர்களில் ஓடும் நிரல்களை நிர்வகிக்கும் மென்பொருள் அது; கோ மொழியில் எழுதப்பட்டது. பயனர்கள் கொடுத்த ஐபி முகவரிகள் அதன் தரவுத்தளத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. புது கோ பதிப்புக்கு மாறினால், நேற்று தானே ஏற்றுச் சேமித்த பொருளை (ஒவ்வொரு அமைப்பின் பதிவையும் அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இன்று தானே செல்லாது என்று சொல்ல நேரிடும். அதனால் கோவின் பழைய நிரலை நகலெடுத்துத் தனியே வைத்துக்கொண்டார்கள். அதற்கு வைத்த பெயர் 'பார்ஸ்ஐபிஸ்லாப்பி' (ParseIPSloppy): ஐபியை அசட்டையாகப் படி. நல்ல பெயர். அழைக்கும்போதே, தளர்வான வழியில் போகிறோம் என்று கை உறுத்தும்.

அப்புறம் வந்தது இன்னும் நுட்பமான ஏற்பாடு. புதிதாக உருவாக்கும் பொருளைக் கறாராகச் சோதிப்பது. பழைய பொருளைத் திருத்தும்போது, முன் இருந்த மதிப்பையும் இப்போது வந்த மதிப்பையும் ஒப்பிட்டு, மாறாத புலத்தை, அதாவது பொருளுக்குள் ஒரு மதிப்பு இருக்கும் இடத்தை, மட்டும் கேள்வி கேட்காமல் விடுவது. இதை 'ராட்செட்' முறை என்கிறார்கள். முன்னே நகரும், பின்னே வராது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு பொருளில் பழைய 012 கிடக்கிறது. நீங்கள் அதன் மேல் ஒட்டிய ஒரு லேபிளை (அடையாளச் சொல்லை) மட்டும் மாற்றுகிறீர்கள். சோதனை முழுப் பொருளையும் பார்ப்பதால், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத முகவரியைக் காட்டி மறுத்துவிடும். சரி, அதை அழித்துவிடலாம் என்றால், சில பொருள்களை அழிக்கும் முன், 'துப்புரவு முடியும்வரை அழிக்காதே' என்று சொல்லும் 'ஃபைனலைசர்' என்ற குறிப்பை நீக்க வேண்டும். நீக்குவதும் ஒரு திருத்தம்தான். அதுவும் மறுக்கப்படும். திருத்தவும் முடியாமல் அழிக்கவும் முடியாமல் அந்தப் பொருள் அப்படியே நிற்கும்.

ராட்செட்டுக்கும் ஒரு குறை உண்டு. யாரும் தொடாத புலம் அப்படியே கிடக்கும். ஆகவே பழைய முகவரிகளைப் படித்தாக வேண்டிய இடங்களில் அந்த ஸ்லாப்பி நிரலை இன்னும் தூக்கியெறிய முடியவில்லை.