ஓவர்டிரைவ் மட்டும் மாற்றிவிட்டு பின் ஆக்சிலை மறக்காதீர்கள்

மறுபடியும் அதே கோளாறு. ஒரு டிரக்கில் டர்போ 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு, மைலேஜ் கூடும் என்று ஓவர்டிரைவ் (இன்ஜினை விட ஷாஃப்டை வேகமாகச் சுழற்றும் மேல் கியர்) உள்ள 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் போட்டிருக்கிறார்கள். பின் ஆக்சிலில் பழைய 3.08 விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.08 சுற்று) அப்படியே இருக்கிறது. போதாததற்கு 33 அங்குல டயர் வேறு. கியர்பாக்ஸ் நான்காவது கியரில் நிலைப்பதே இல்லை. சின்ன மேடு வந்தாலும் மூன்றுக்கு இறங்கும், உடனே நான்குக்கு ஏறும். இதிலேயே ஆயில் சூடாகிக் கருகி, கிளட்ச் தகடுகள் எரிந்து, புது கியர்பாக்ஸ் பிரிக்க வந்துவிடுகிறது. கியர்பாக்ஸ் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இதற்கெல்லாம் வேர் ஒரே நம்பிக்கைதான்: ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். ஓரளவு வரைதான் இது உண்மை. மணிக்கு 100 கிமீ வேகத்தில் காற்றையும் டயர் உராய்வையும் தள்ளத் தேவையான சக்தி எந்தக் கியரில் ஓடினாலும் ஒன்றுதான். இன்ஜின் அதை முறுக்குவிசையாலும் சுழற்சியாலும் சேர்த்துத்தான் கொடுக்கிறது. சுழற்சியைக் குறைத்தால் முறுக்குவிசையைக் கூட்ட வேண்டும், அதாவது ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்க வேண்டும். கொஞ்சம் மிதிப்பது லாபம்தான். ஆனால் இன்ஜின் திணறும் அளவுக்கு இறங்கிவிட்டால் மேனிஃபோல்டு வேக்குவம் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் உள்ள வெற்றழுத்தம்) விழும், கார்புரேட்டரின் பவர் வால்வு திறக்கும், கூடுதல் பெட்ரோல் கொட்டும். ஃபியூவல் இன்ஜெக்ஷனும் சுமை ஏறினால் கலவையைக் கெட்டியாக்கும். கூடவே நாக்கிங் (இன்ஜினில் தட்டும் சத்தம்) வரும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் (வழுக்காமல் பிடிக்கும் பூட்டு) விடுபட்டு வழுக்க ஆரம்பிக்கும். அந்த வழுக்கல் முழுக்க வெப்பமாக ஆயிலில் இறங்கும். மிச்சம் பிடிக்கப் போய் கியர்பாக்ஸையே இழப்பது இப்படித்தான்.

கணக்குப் போடாமல் பாகம் வாங்காதீர்கள். வேகம் கிமீயில், அதை ஆக்சில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் 5305 ஆலும் பெருக்கி, டயர் விட்டத்தை மிமீயில் எடுத்து வகுத்தால் இன்ஜின் ஆர்பிஎம். 33 அங்குலம் என்றால் 838 மிமீ. மேலே சொன்ன வண்டிக்கு 100 கிமீயில், ஓவர்டிரைவ் 0.70, ஆக்சில் 3.08: வெறும் 1365. அதே வண்டியில் 3.73 போட்டால் சுமார் 1650, 4.10 போட்டால் சுமார் 1820. சாதாரண கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள நடுத்தர வி8 பெட்ரோல் இன்ஜின் கனமான டிரக்கில் 1800-லிருந்து 2200 வரை நிம்மதியாக ஓடும். ஆகவே அந்த வண்டிக்கு 4.10தான். பழைய டர்போ 350யே இருந்திருந்தால் இதே 4.10 சுமார் 2600-இல் கத்திக்கொண்டு ஓடியிருக்கும். ஒன்றை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுக்க முடியாது. டயரில் அச்சிட்ட அளவையும் நம்பாதீர்கள். காற்று சரியாக அடைத்து, தரையில் ஒரு சுற்று உருட்டி, அந்தத் தூரத்தை 3.14 ஆல் வகுத்து விட்டம் எடுங்கள்.

கீழ்க்கோடியையும் பாருங்கள். முதல் கியரையும் ஆக்சிலையும் பெருக்கினால் 10-க்கு மேல் வந்தால் டிரக் சுமையோடு சுலபமாகக் கிளம்பும். 700ஆர்4-இன் 3.06 உடன் 4.10 சேர்ந்தால் 12.5, நல்லது. பழைய எஸ்எம்465 மேனுவலின் 6.55 உடன் 4.10 சேர்ந்தால் 27-க்குப் பக்கம். அது சேற்றிலும் பாறையிலும் ஊர்ந்து போவதற்கு, சாலையில் இரண்டாவது கியரில் கிளம்பினால் போதும். 700ஆர்4-இல் முதல் கியருக்கும் 1.63 ஆன இரண்டாவதுக்கும் இடைவெளி பெரிது. 4000-இல் மாற்றினால் 2130-க்கு விழும். ஆக்சில் விகிதமும் குறைவாக இருந்தால் அந்த வெற்றிடம் நன்றாகவே தெரியும்.

உங்கள் ஆக்சில் விகிதம் என்னவென்று யாராவது சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆக்சில் கவர் கழற்றி, உள்ளே உள்ள பெரிய பல்சக்கரம் (கிரவுன்), அதைச் சுழற்றும் சிறியது (பினியன்) இரண்டின் பல்லையும் எண்ணுங்கள்: 41-க்கு 11 என்றால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10. கழற்ற முடியாவிட்டால், லிமிடெட் ஸ்லிப் (இரு சக்கரமும் தனித்தனியே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இல்லாத ஆக்சிலில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றதற்கு நன்றாகக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றி, கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் பிரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பாருங்கள். அதுவே விகிதம்.

கிரவுன் பினியன் செட் வாங்குமுன், கிரவுனைத் தாங்கும் கேரியர் பொருந்துமா என்று கேளுங்கள். டானா 60 என்ற ஆக்சிலில் 4.10 வரை ஒரு கேரியர், 4.56-லிருந்து வேறொன்று. டானா 44-இல் அந்தப் பிரிவு 3.73-க்கும் 3.92-க்கும் நடுவே. செட் கையில் வந்த பிறகு இது தெரிந்து தலையில் கை வைப்பவர்கள் ஏராளம். நான்கு சக்கர இழுவை வண்டியென்றால் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். 4.10-உம் 4.09-உம் சேர்ந்து ஓடும். 3.73-உம் 4.10-உம் சேர்ந்து 4x4-இல் இறுகினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) உடையும். தயவுசெய்து சோதித்துப் பார்க்காதீர்கள்.

கியர்பாக்ஸ் நீளம் மாறினால் ஷாஃப்டின் நீளமும் மாறும். ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸுக்குள் வழுக்கி நகரும் ஷாஃப்டின் முனை) முழுக்க உள்ளே முட்டிய நிலையிலிருந்து சுமார் 20-25 மிமீ வெளியே நிற்கட்டும். பினியனும் கியர்பாக்ஸ் வெளியீடும் இணையாக இருக்கட்டும், ஷாஃப்டின் ஒவ்வொரு கிராஸ் ஜாயின்டிலும் (மடங்கும் மூட்டு) கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள். ஷாஃப்ட் வேகத்தை ஓவர்டிரைவ் குறைப்பதில்லை, அதை முடிவுசெய்வது ஆக்சிலும் டயரும் மட்டுமே. 4.56 போட்டுவிட்டு நீளமான மெல்லிய ஷாஃப்டை அப்படியே விட்டால் அதிவேகத்தில் அதிரும்.

700ஆர்4 போடுபவர்களுக்கு இன்னொன்று. டிவி கேபிளை (ஆக்சிலரேட்டர் மிதிப்பை கியர்பாக்ஸுக்குச் சொல்லும் த்ராட்டில் வால்வு கேபிள்) கார்புரேட்டரில் சரியான கோணத்துக்குரிய பிராக்கெட்டோடு பொருத்தாமல் வண்டியை ஒரு தெரு கூட ஓட்டாதீர்கள். கேபிள் தளர்ந்தால் ஆயில் அழுத்தம் குறையும், மூன்று-நான்கு கிளட்ச் முதலில் போகும். லாக்-அப் ஒயரையும் இணைத்தாக வேண்டும், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" வேண்டாம். ஸ்பீடோமீட்டர் கியரையும் மாற்றுங்கள்.

புது கிரவுன் பினியன் ஓடி இணைய அவகாசம் கொடுங்கள். முதலில் 20 கிமீ மெதுவாக ஓட்டி முழுவதும் ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை அப்படியே. முதல் 800 கிமீக்குப் பாரம் இழுக்க வேண்டாம், அது முடிந்ததும் ஆக்சில் ஆயிலை மாற்றுங்கள்.