ஃபாயிலுக்குள் இருக்கும் சூடு

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழே, முடிதிருத்தும் கடைக்கும் கிளினிக்குக்கும் நடுவில் புதிதாக ஒரு பர்ரிட்டோ கடை முளைத்திருக்கிறது. உட்கார இடமில்லை, வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஒன்று 11 வெள்ளி. பக்கத்துக் காப்பிக்கடையில் இந்தக் காசுக்கு வீட்டில் எல்லாருக்கும் பரோட்டா வாங்கிவிடலாமே என்று மனசு கணக்குப் போட்டது. ஆனாலும் வரிசையில் நின்றேன். விடுமுறைக்கு ராணுவ முகாமிலிருந்து வந்திருந்த தம்பி மகன் கேட்டிருந்தான், அத்தையால் மறுக்க முடியுமா?

உணவகங்களிலும் உணவங்காடிகளிலும் வேலை செய்பவர்களுக்குத் தமிழில் உணவுச் சுகாதார வகுப்பு எடுப்பது என் தொழில். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் என் கண் முதலில் கடைக்காரர் கைக்குத்தான் போகும். காசை ஒருவர் வாங்க, சாப்பாட்டை இன்னொரு பையன் கட்டினான். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பையன் அதே கையுறையோடு குளிர்பெட்டியைத் திறந்தான், மேசையைத் துடைத்தான், பிறகு என் ரொட்டியை எடுத்தான். கையுறை போட்டுவிட்டால் கை சுத்தமாகிவிட்டது என்ற நினைப்பை எத்தனை வகுப்பு எடுத்தும் என்னால் அசைக்க முடியவில்லை.

“என்னக்கா போடணும்?”

கொத்தமல்லி போட்ட சோறு, கறுப்பு பீன்ஸ், கோழி, தக்காளி சால்சா, மசித்த வெண்ணெய்ப்பழம். எல்லாவற்றையும் ரொட்டியின் நடுவில் குவித்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி, ஃபாயிலில் பொதிந்தான். கையில் வாங்கினால் ஒரு கைக்குழந்தையின் தொடை கனம்.

“சோறு எப்ப வடிச்சது தம்பி?”

“காலையில 10 மணிக்குக்கா. சூடாத்தான் இருக்கு, தொட்டுப் பாருங்க.”

அப்போது மணி ஒன்றே கால்.

பர்ரிட்டோ என்றால் ஸ்பானிய மொழியில் குட்டிக் கழுதை. கோதுமை விளையும் வட மெக்சிகோவில் பிறந்தது. அங்கே அது ஒல்லிதான்: பீன்ஸோ, குழம்புக் கறியோ, ஒன்றிரண்டு பொருள்தான் உள்ளே இருக்கும். சோற்றையும் சேர்த்துத் திணித்து, ஃபாயில் சுற்றிக் குண்டாக்கியது 1960களில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் வட்டாரம். நம் கைக்கு வருவது அந்தக் குண்டு வகைதான். என் கவலையும் அந்தக் குண்டில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையில் எப்போதும் இருக்கும் வெப்பமானி ஊசியை நடுவில் குத்தினேன். 53 டிகிரி. பையன் சொன்னது பொய்யில்லை, சோறு சூடாகவே இருந்திருக்கும். குளிர்பெட்டியிலிருந்து வந்த சால்சாவும் வெண்ணெய்ப்பழமும் அதன்மேல் விழுந்ததும் மொத்தமும் வெதுவெதுப்பாகிவிட்டது. சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இடைப்பட்டதெல்லாம் கிருமிக்குத் தோதான வெப்பம். ஆக, பர்ரிட்டோ சுருட்டப்படும்போதே அந்த இடைவெளிக்குள் வந்துவிடுகிறது. ஃபாயிலும் தடித்த ரொட்டியும் அதை அங்கேயே பத்திரமாக வைத்திருக்கின்றன. ஒன்றே கால் மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன். 44. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்று ஒரு கிருமி உண்டு, கறியிலும் குழம்பிலும் வரும். அது படுவேகமாகப் பெருகுவது ஏறக்குறைய இந்தச் சூட்டில்தான்.

சோற்றுக்கென்றே வேறொன்று இருக்கிறது, பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் கிருமி, அரிசியோடு வரும், கொதிக்கும் உலையிலும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து, பெருகி, ஒரு நச்சை விட்டுவைக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இதையும் சந்தேகிக்கலாம்.

நம் பாட்டிமார் பயணத்துக்குக் கட்டுச்சோறாகப் புளியோதரையைக் கட்டினார்களே, தேங்காய்ச் சோற்றையா கட்டினார்கள்? நல்ல புளிப்பில் இந்தக் கிருமி தலையெடுக்காது. பர்ரிட்டோச் சோற்றில் பிழிகிற கொஞ்சம் எலுமிச்சை வாசனைக்குத்தான் ஆகும்.

அன்று தம்பி மகன் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை ஃபாயிலோடு மேசையில் வைத்துவிட்டு நண்பர்களைப் பார்க்கப் போனான். இரவு 8 மணிக்கு வந்து அதைத் தேடினான். குப்பையில் போட்டுவிட்டேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

“ஃபாயில் சுத்தித்தானே இருந்துச்சு அத்தை. மைக்ரோவேவ்ல நல்லா சூடு பண்ணியிருந்தா சரியாப் போயிருக்குமே?”

வகுப்பிலும் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். சூடாக்கினால் முளைத்த கிருமி சாகும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு சாகாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும் அதை நம் மைக்ரோவேவ் என்ன செய்துவிடும்?

கேட்டரிங் சாப்பாட்டில் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று நேரம் குறித்து ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமைத்து முடித்ததிலிருந்து 4 மணி நேரம் என்பது கணக்கு. கடையில் கட்டி வாங்கும் பொட்டலத்தில் அந்தச் சீட்டு இருக்காது, நாமே மனசில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கடையில் சோற்றுத் தட்டு உட்கார்ந்திருக்கும் வெந்நீர்த் தொட்டி சோற்றை 60 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் சுருட்டிய நேரத்திலிருந்து எண்ணலாம். ஆனால் அந்தத் தொட்டி சூட்டைத் தக்கவைக்கத்தான், ஆறியதைச் சூடாக்க அல்ல. மூடியில்லாமல் சோற்றைக் கோபுரமாகக் குவித்திருந்தால் மேல்சோறு எப்போதோ ஆறியிருக்கும். அப்படிப்பட்ட கடையில் நான் சோறு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், இல்லையென்றால் வாங்கிய கையோடு தின்றுவிடுவேன்.

பாதியை இரவுக்கு வைக்க வேண்டுமென்றால் வாய் வைப்பதற்கு முன்பே வெட்டி, ஃபாயிலைப் பிரித்து, உள்ளிருப்பதைத் தட்டையான டப்பாவில் பரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள். முழு உருண்டையாக வைத்தால் வெளியே குளிரும், நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். எடுத்துச் சூடாக்கும்போது நடுவில் 75 டிகிரி வர வேண்டும், அதாவது ஆவி பறக்க வேண்டும். ரொட்டி சொதசொதத்துப் போகும்தான், என்ன செய்வது.

வாந்தியும் பேதியும் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் என்றால் காத்திருக்க வேண்டாம். பேதியில் ரத்தமோ, கடுங்காய்ச்சலோ, சிறுநீர் வராமலோ இருந்தால் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

போன சனிக்கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். ருசி பிடித்துவிட்டது, வேறென்ன. போன தடவையே பையனிடம் நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். சோற்றுத் தட்டில் இப்போது பாதி அளவுதான் சோறு, மேலே மூடி. “இப்ப ரெண்டு தடவையா வடிக்கிறோம்க்கா” என்றான். கையுறையை மட்டும் மாற்றக் காணோம். பின்னால் ஆறு பேர் நின்றார்கள், அப்போது வாயைத் திறக்கவில்லை.