பின்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது?

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. மதுக்கூடங்களிலும் இரவு விடுதிகளிலும் தீப்பாதுகாப்பு ஆய்வு செய்வது என் தொழில். சென்ற வாரம் போன இடத்தில் முன்பக்கம் கண்ணைப் பறித்தது. பளிங்கு மேடை, தரை முதல் கூரை வரை கண்ணாடி, பாட்டில்களுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு. கழிவறைக்குப் போகும் நடையில் ஒரு வெல்வெட் திரை தொங்கியது. விலக்கிப் பார்த்தேன். நெஞ்சளவுக்குக் காலி பீர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் அவசர வழிக் கதவு. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு பூட்டு.

“திறந்து காட்டுங்கள்” என்றேன். சாவி மேலாளரிடம் இருந்தது, மேலாளர் மாடியில் இருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஆள் போய்ச் சாவி வாங்கி வந்து, பெட்டிகளை நகர்த்தி, துருப்பிடித்த பூட்டைத் திறக்க ஏழு நிமிடம் ஆனது. அது பட்டப்பகல். கூடத்தில் புகை இல்லை, இருட்டு இல்லை, வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை.

உரிமையாளர் சொன்ன காரணம் எனக்கு மனப்பாடம்: “பூட்டாவிட்டால் பில் கட்டாமல் ஓடிவிடுவார்கள், சார்.”

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் பல ஆண்டுகளாக மல்லுக்கு நிற்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பில் கட்டாமல் நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதைத் தடுக்க வழியா இல்லை? உட்காரும்போதே முன்பணம் வாங்கலாம். மது ஊற்றும்போதே காசு வாங்கலாம். கதவையே எடுத்துக்கொண்டால், உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பி கிடைக்கிறது. அதைப் பொருத்தினால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. உள்ளிருந்து திறந்தால் மணி அலறும்படி செய்யலாம், அந்த நடையில் ஒரு கேமரா வைக்கலாம். திருட்டுத்தனமாகப் போகிறவன் மணி அடிக்கும் கதவைத் தேடிப் போகமாட்டான். இத்தனை வழிகளையும் விட்டுவிட்டுச் சங்கிலியை எடுப்பது, சோம்பலுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதுதான். அப்படியும் மாதத்தில் நான்கு பேர் ஏமாற்றிவிட்டுப் போகட்டுமே. அந்த நட்டத்தைக் கணக்கில் எழுதலாம். இன்னொரு நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 2013 ஜனவரி 27 அன்று ‘கிஸ்’ இரவு விடுதி எரிந்தது. 242 பேர் இறந்தார்கள். வெளியேற இருந்தது ஒரே வாசல். தீப்பிடித்த முதல் கணங்களில், பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து வாசல் காவலர்களே கூட்டத்தைத் தடுத்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்தக் காவலர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே வேலை பணத்தைக் காப்பது. புகையில் கண் தெரியாமல், கழிவறைக் கதவை வெளிவாசல் என்று நம்பி உள்ளே போனவர்கள் பலர் அங்கேயே மூச்சடைத்து இறந்தார்கள். அதனால்தான் ‘வெளியேறும் வழி’ என்ற பச்சை விளக்கு அலங்காரத்தைக் கெடுக்கிறது என்று யாராவது சொன்னால் என் குரல் உயர்ந்துவிடுகிறது.

“முன்வாசல் அகலமாகத்தானே இருக்கிறது, எல்லோரும் அதிலேயே போய்விடுவார்களே” என்பது அடுத்த வாதம். எல்லோரும் அதிலேயேதான் போவார்கள், ஆபத்தே அதுதான். மனிதர்கள் பதற்றத்தில் வந்த வழியைத்தான் தேடுவார்கள். அமெரிக்காவின் வெஸ்ட் வார்விக் ஊரில் 2003 பிப்ரவரி 20 அன்று ‘தி ஸ்டேஷன்’ விடுதியில் நடந்தது அதுதான். வேறு வழிகளும் இருந்தன. ஆனாலும் பெரும்பாலோர் முன்வாசலை நோக்கியே போனார்கள். தீப்பற்றி 90 விநாடிகளுக்குள் அந்த வாசலில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வழி அடைபட்டுவிட்டது என்று அமெரிக்க அரசின் தொழில்நுட்ப ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அங்கே 100 பேர் இறந்தார்கள். நான் சாவிக்காகக் காத்திருந்த ஏழு நிமிடத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அதனால் மற்ற வழிகளை மக்களுக்கு முன்கூட்டியே காட்டியாக வேண்டும், அந்த நேரம் வரும்போது பணியாளர்கள் அந்தப் பக்கம் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். பூட்டிய கதவுக்கு யாரை அழைத்துப் போவது?

இது புதிய பாடமும் அல்ல. பாஸ்டனில் 1942 நவம்பர் 28 அன்று ‘கோகனட் குரோவ்’ விடுதியில் 492 பேர் இறந்தபோது, முன்வாசலில் இருந்தது சுழல்கதவு. கூட்டம் நெருக்கியதும் அது நின்றுவிட்டது. பக்கக் கதவுகளில் சில பூட்டிக் கிடந்தன. சில உள்பக்கமாகத் திறப்பவை, கூட்டம் முட்டும்போது அப்படிப்பட்ட கதவைத் திறக்கவே முடியாது. அன்றிலிருந்து விதிகள் மாறின. சங்கிலிகள் மாறவில்லை.

ஒலித்தடுப்புக்கு ஒட்டும் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2003இல் ‘தி ஸ்டேஷன்’, 2013இல் ‘கிஸ்’, 2015இல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் ‘கொலெக்டிவ்’ விடுதி: மூன்றிலும் மேடையில் விட்ட வாணவேடிக்கைப் பொறி அந்த நுரைப்பஞ்சில்தான் பற்றியது. கட்டடத்துக்குள் வாணம் வேண்டாம். பாட்டிலில் செருகும் மத்தாப்பும் வேண்டாம். “இது தீப்பிடிக்காத ரகம்” என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது, சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லா இடத்திலும் நான் கேட்கும் இன்னொரு கேள்வி: பாட்டை யார் நிறுத்துவார்? ஓர் இடத்தில் டிஜே இளைஞர், “மேலாளர் சொல்லாமல் நிறுத்தினால் வேலை போய்விடும்” என்றார். பாட்டு ஓடும்வரை மக்கள் ஆபத்தை நம்புவதில்லை. புகையைக்கூட நிகழ்ச்சியின் பகுதி என்று எண்ணிக் கைத்தட்டுகிறார்கள். பாட்டை நிறுத்தி, எல்லா விளக்குகளையும் போட்டு, ஒலிபெருக்கியில் இரண்டே வரி சொல்லுங்கள். வேறு எந்தக் கருவியும் இவ்வளவு விரைவாகக் கூட்டத்தை அசைக்காது. அந்த அதிகாரத்தை டிஜேவுக்கும், மது ஊற்றுபவருக்கும், பாத்திரம் கழுவும் பையனுக்கும் கொடுங்கள். தவறாக நிறுத்திவிட்டாலும் திட்டாதீர்கள்.

வாசலில் எண்ணும் கருவி வைத்திருக்கிறீர்கள், நல்லது. வெளியே போகிறவர்களையும் எண்ணுகிறீர்களா? இல்லையென்றால் உள்ளே எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியாது. கூட்டம்தான் விளம்பரம் என்று நம்புகிறவர்கள் தங்கள் விடுதிக்கு வந்த விமர்சனங்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். நான் ஆய்வுக்குப் போகும் முன் படித்துவிட்டுத்தான் போகிறேன். “ஒரு கோப்பைக்கு அரை மணி நேரம் நின்றோம்”, “நகர இடமில்லை”, “தோழியோடு போனேன், கூட்டத்தில் யாரோ தொட்டார்கள், சொன்னால் யாரும் கேட்கவில்லை.” ஒற்றை நட்சத்திரம் வாங்கித் தரும் இந்த வரிகளுக்கும் என் அறிக்கையில் வரும் குறைகளுக்கும் மூலம் ஒன்றே. அளவோடு ஆட்களை விட்டால் மது விரைவாகக் கிடைக்கும், தரை ஈரமில்லாமல் இருக்கும், தொல்லை செய்பவன் காவலர் கண்ணில் படுவான். வந்தவர்கள் மறுபடி வருவார்கள்.

பணியாளர்களுக்காக ஒரு வேண்டுகோள். அளவுக்கு மீறிக் குடித்தவருக்கு “இனி ஊற்ற முடியாது” என்று சொன்ன பெண்ணை, அந்த வாடிக்கையாளர் முன்னாலேயே கடிந்துகொண்ட ஒரு முதலாளியைப் பார்த்தேன். மனம் நொந்துபோனது. அந்தப் பெண் உங்கள் பெயரைத்தான் காப்பாற்றினாள். குடித்து மயங்கியவரை மூலை சோஃபாவில் மல்லாக்கப் படுக்கவைத்து, தூங்கி எழட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வாந்தி தொண்டையை அடைத்தால் சத்தமில்லாமல் உயிர் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வையுங்கள், எழுப்பினால் எழவில்லையென்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். கருப்புக் காப்பி போதையை இறக்காது.

அந்த விடுதியிலிருந்து நேற்று ஒரு புகைப்படம் வந்தது. சங்கிலி இல்லை, கதவில் புதிய குறுக்குக் கம்பி பளபளத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில், கதவு திறக்க வேண்டிய இடத்திலேயே, இரண்டு பீர் பெட்டிகள். வியாழக்கிழமை இரவு, கூடம் நிரம்பும் நேரத்தில், சொல்லாமல் போகப் போகிறேன். அறிக்கை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.