பழைய டீசல் கெப் ஏன் இழுக்காமல் போகிறது?

படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கமும் நெல் ஏற்றி ஓடும் கெப் வாகனங்களில் பல, முப்பது வயதை நெருங்கியவை. 2020 முதல் 2025 தொடக்கம் வரை இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், இருப்பதை வைத்தே ஓட்ட வேண்டிய நிலை இன்னும் கூடியது. வயல் பாதையில் அவை சமாளித்துவிடும். செங்கலடியில் புறப்பட்டு மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏறும்போதுதான் குறை தெரியவரும். கியரைக் குறைத்தாலும் இழுவை இருக்காது, பின்னால் கரும்புகை எழும். கராஜில் முதலில் சொல்லும் வைத்தியம், "பம்பைக் கொஞ்சம் கூட்டிவிடுவோம்" என்பது; அதாவது, எஞ்சினுக்கு டீசலை அளந்து ஊட்டும் பம்பில் ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டுவது. பணமும் எஞ்சினும் வீணாகப் போவது பல நேரம் இங்கேதான்.

பெட்ரோல் எஞ்சினில் மிதியை அழுத்தினால் உள்ளே போகும் காற்று கூடும். பழைய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. தன்னால் முடிந்த அளவு காற்றை அது எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். மிதித்தால் கூடுவது டீசல் மட்டும். ஒரு கிலோ டீசல் எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் இரண்டும் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், புகையில்லாமல் எரிய அதைவிடவும் கூடுதலான காற்று தேவை. அப்படியானால் எவ்வளவு சக்தி வரும் என்பதற்கு எல்லை போடுவது காற்றுதான். எரிகிற அடுப்பில் விறகை அடைத்துத் திணித்தால் புகைதானே கூடும்? பம்பின் ஸ்க்ரூவைக் கண்டபடி திருப்புவதும் அதே கதை. எரியாத டீசல் கரியாகி வெளியே போகும், எஞ்சினுக்குள் சூடு ஏறும், பாரத்தோடு மேட்டில் ஏறும்போது பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் விரிசல் விடும் ஆபத்து வரும்.

எனவே வேலையைக் காற்றிலிருந்து தொடங்க வேண்டும். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் கெப்களில் இருக்கும் 2எல் எஞ்சின் 2,446 சிசி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஏறக்குறைய 3,670 லீட்டர் காற்று உள்ளே போக வேண்டும், அதுவும் ஒரே ஒரு காகிதப் பில்டர் வழியாக! அறுவடைக் காலத்துக் கிரவல் பாதையில் ஒரு வாரம் ஓடினாலே அந்தக் காகிதம் என்ன நிறத்துக்கு வரும் என்று ஓட்டுபவர்களுக்குத் தெரியும். ஊதிச் சுத்தம் செய்வதென்றால் உள்ளிருந்து வெளியே, மெதுவான அழுத்தத்தில் ஊத வேண்டும். வேகமாக ஊதினால் காகிதம் கிழிந்து, தூசு நேராகச் சிலிண்டருக்குப் போய் பிஸ்டன் ரிங்கைத் தின்னும்.

காற்றின் சூடும் முக்கியம். 30 பாகைக் காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. காற்றுக் குழாய் கழன்று ரேடியேட்டருக்குப் பின்னால் தொங்கினால், எஞ்சின் அந்தச் சூட்டைத்தான் குடிக்கிறது. குழாயை மீண்டும் முன்பக்கத்துக்குத் திருப்பிப் பொருத்துவது செலவே இல்லாத வேலை. உயரமும் இப்படித்தான். ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ள பதுளையில் காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. சாதாரணப் பம்ப்போ மட்டக்களப்பில் கொடுத்த டீசலையே அங்கும் கொடுக்கும். கடற்கரையில் வைத்துக் கூட்டிவிட்ட பம்ப் மலையில் இன்னும் மோசமாகப் புகைப்பது இதனால்தான்.

அடுத்தது நோசில். டீசலை மிக நுண்ணிய தூவானமாகச் சிதறடிப்பது அதன் வேலை. உள்ளேயுள்ள ஸ்பிரிங் தளர்ந்தால், நோசில் திறக்க வேண்டிய அழுத்தத்துக்கு முன்பே திறந்து சொட்டத் தொடங்கும். பெரிய துளிகள் எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிடும்; டீசல் செலவாகும், இழுவை வராது. கைப்பம்ப் வைத்த நோசில் டெஸ்டர் உள்ள கராஜில் நான்கையும் கழற்றிக் காட்டினால் எது தூவுகிறது, எது சொட்டுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். என் பார்வையில், பில்டருக்கு அடுத்தபடியாகக் கையிலுள்ள பணத்தை இதில்தான் போட வேண்டும்.

வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடப்படும் டெப்பட் இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாது. டீசல் தீப்பிடிப்பதே காற்றை இருபது மடங்குக்குமேல் அமுக்கி வரும் சூட்டில் என்பதால், அந்தச் சிறு கசிவுகூட சக்தியைத் தின்னும். இடைவெளியைச் சரிசெய்த பின்னும் கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், குறைவாகவே இருந்தால் ரிங், வால்வு வேலை காத்திருக்கிறது. அதைச் செய்யாமல் மற்றதற்குச் செலவழிப்பது வீண். டீசல் பில்டர், நசுங்கிய சைலன்சர், வழுக்கும் கிளச், விடாமல் பிடிக்கும் பிரேக் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அளவுக்கு மிஞ்சிய பெரிய டயர் போட்டிருந்தால், அதுவும் சக்கரத்தின் இழுவையைக் குறைக்கும்.

டேர்போ? காற்றை அழுத்தி ஊட்டுவதால் அது உண்மையிலேயே சக்தியைக் கூட்டும். ஆனால் டேர்போ இல்லாமல் செய்யப்பட்ட எஞ்சினில் பிஸ்டனும் குளிரூட்டலும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும், ஒயில் வழியும் தனியாகப் போட வேண்டும். குறைந்த செலவில் முடியும் காரியம் அல்ல.

இவ்வளவும் சரியான பிறகு பம்பைத் தொடலாம். அதையும் ஸ்க்ரூவை ஊகத்தில் திருப்பாமல், பம்பைக் கழற்றிச் சோதனை மேசையில் அளந்து வைப்பதே நல்லது. முழுப் பாரத்தோடு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்: கரும்புகை அடர்த்தியாக எழுந்தால் டீசல் கூடிவிட்டது, குறைத்துத்தான் ஆக வேண்டும்.