பைய ஓட்டியே கெட்டுப்போன இன்ஜின்கள்

சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணி, உள்சுவரைக் கல்லால் உரசி ஹோனிங் போட்டு, பிஸ்டன், அதைச் சுற்றி மாட்டும் ரிங், பேரிங் எல்லாம் புதுசாக மாட்டி இறக்கிய இன்ஜின். 1,200 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. சைலன்ஸரில் நீலப்புகை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் இட்லிப் பானை மாதிரி உஸ் உஸ்ஸென்று ஆவி வருகிறது. டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் கீழே ஆயில். ஓட்டியவரைக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “நாப்பதத் தாண்டவே இல்ல அண்ணாச்சி, பையத்தான் ஓட்டுதேன்.”

அந்தப் ‘பைய’, அதாவது மெதுவாக ஓட்டியதுதான், இன்ஜினைக் கெடுத்தது. இப்படி இன்னொரு வண்டி என் பட்டறையில் வந்து நிற்பதற்கு முன் எழுதிவிடலாம் என்றுதான் இது.

ஹோனிங் போட்ட சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பனையோலைப் பெட்டியின் பின்னல் போல, சாய்வாக ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளின் மேடுகள் புது ரிங்கோடு உரசித் தேய வேண்டும். பள்ளங்கள் ஆயிலைப் பிடித்துவைக்க அப்படியே மிச்சமிருக்க வேண்டும். ரிங் உட்காருவது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அது கொஞ்சம்தான். எரியும் வாயு பிஸ்டன் காடிக்குள் புகுந்து ரிங்கைப் பின்னாலிருந்து தள்ளுவதுதான் பெரிய அழுத்தம். அந்த அழுத்தம் ஆக்சிலேட்டரை மிதித்தால் வரும், மிதிக்காவிட்டால் வராது. இதில் பாசம் காட்ட இடமே இல்லை.

மிதிக்காமலே ஓட்டினால் என்ன ஆகும்? ரிங் தேயாமல் ஆயில்மேல் வழுக்கிக்கொண்டே போகும். கோடுகளில் தங்கிய ஆயில் சூட்டில் வெந்து வார்னிஷ் மாதிரி படியும். சுவர் கண்ணாடியாகிவிடும். அதன் பிறகு நீங்கள் மிதித்தாலும் ரிங் பிடிக்காது. டீசல் வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ரிங் உட்காரும் வேலையில் பெரும்பங்கு தொடக்க ஓட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வண்டியைத் தொட்டில் குழந்தை மாதிரி கொண்டுபோனால், பின்னால் ஆயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓட்டியும் புண்ணியமில்லை.

பைய ஓட்டுவதையாவது மன்னிக்கலாம். நின்ற இடத்திலேயே, மிதிக்காமல் ஐடிலில் ஓடவிடுவதை மன்னிக்கவே முடியாது. “ராத்திரி பூரா ஓடட்டும், செட் ஆயிரும்” என்று பட்டறையிலேயே சொல்லுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐடிலில் சிலிண்டருக்குள் அழுத்தமும் இல்லை, ஆயில் பிரஷரும் குறைவு. அதோடு, இன்ஜின் வேலை முடிந்தும் வயரிங், டிங்கரிங் பாக்கி என்று வண்டி வாரக்கணக்கில் பட்டறை முற்றத்தில் கிடக்கும். நிழலுக்கு நகர்த்த ஒரு பையன் ஸ்டார்ட் பண்ணுவான். அடுத்த வண்டிக்கு இடம்விட இன்னொருவன். ஏசி வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்றாமவன். இன்ஜின் சூடேறும் முன் அணைத்துவிடுவார்கள். எரியாத எரிபொருள் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக் கீழே இறக்கும். தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மற்ற வேலை எல்லாம் முடிந்த பிறகு முதல் ஸ்டார்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வண்டியைத் தள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் ஃபில்டர் நிமிர்ந்து நிற்கிற வண்டியானால் அதில் ஆயில் ஊற்றி நிரப்பி மாட்டுங்கள். பெட்ரோல் வண்டியில் ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கியோ, பழைய டீசலில் பம்ப் சொலினாய்டு வயரைக் கழற்றியோ, எரிபொருள் போகாமல் செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடி, நடுவில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஓய்வு. டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் ஃபியூஸை மாட்ட வேண்டும். டர்போ இருந்தால் இதில் சோம்பலே கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலுக்கு இறக்காமல் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பிடியுங்கள். அம்பாசடர், பழைய ஜீப் போன்ற புஷ்ராடு இன்ஜினில் (கீழே இருக்கிற கேம், டேப்பட்டையும் கம்பியையும் தள்ளி வால்வைத் திறக்கும் வகை) புது கேம், டேப்பட் போட்டிருந்தால் 20 நிமிடமாவது இப்படியே கொஞ்சம் ஏற்றி இறக்கி வைத்திருக்க வேண்டும். கேம் முகடுகளுக்கு ஆயில் வருவது பெரும்பாலும் கிராங்க் சுற்றித் தெறிப்பதால்தான். மற்ற இன்ஜினில் கசிவு பார்த்து, கூலன்ட்டில் காற்று எடுத்து, ரேடியேட்டர் விசிறி ஒரு தடவை சுற்றி நின்றதும் ரோட்டுக்குப் போய்விடலாம்.

ரோட்டில் என்ன செய்வது? மூன்றாவது கியரில் 30-லிருந்து 60 வரை, முக்கால் மிதியில் ஏற்றுங்கள். காலை முழுசாக எடுத்து, கியரிலேயே 30-க்கு இறங்கவிடுங்கள். பிரேக் வேண்டாம். மறுபடி ஏற்றுங்கள். 10 முதல் 15 தடவை. கால் எடுக்கும்போது பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி ஆயில் கொஞ்சம் மேலே ஏறும்; தேய்ந்த பொடியைக் கழுவி, ரிங்கைக் குளிர வைக்கும். டீசலில் அந்த உறிஞ்சல் குறைவு. ஆனாலும் ஏற்றி இறக்குவது அதற்கும் இதே முறைதான்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு நல்ல ரோடு கையிலேயே இருக்கிறது. அதிகாலையில் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் போய்த் திரும்புங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை, நடுவில் வயல்வெளியில் கொஞ்சம் நீளமான ஓட்டம். வேகம் தானாக ஏறி இறங்கும். நாகர்கோவில் நாலு வழிச்சாலையில் ஏறி ஒரே வேகத்தில் போவதுதான் பெரும்பாலோர் செய்கிற வேலை. ஒரே ஆர்பிஎம், ஒரே மிதி, ஒரு மணி நேரம்: புது இன்ஜினுக்கு ஆகாது. ஆனி, ஆடியில் வள்ளியூர் தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே வரும். மீட்டரில் 80 காட்டினாலும் இன்ஜின் அதைவிடப் பெரிய பாரம் இழுத்துக்கொண்டிருக்கும்.

‘மிதி’ என்றதும் விரட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் 500 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் என்றால் 3,500, டீசல் என்றால் 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள். அதைவிடக் கெட்டது நான்காவது கியரில் 25-ல் உருட்டுவது. பேரிங் தட்டும் சத்தம் பாதி அங்கேதான் பிறக்கிறது. ‘கியரை மாத்தாம ஓட்டினா டீசல் மிச்சம்’ என்கிற டிரைவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். டாக்சி வைத்திருப்பவர்கள் முதல் வாரம் நீங்களே ஓட்டுங்கள், தயவுசெய்து. ஓனர் சொன்னார் என்று 40-லேயே உருட்டிக்கொண்டு வருகிற டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேலை முடிந்த மறுநாளே குடும்பத்தோடு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மலை ஏறுவதும் வேண்டாம். கூட்ட நாளில் காரையாறு ரோட்டில் முதல் கியரில் ஊர்ந்து, நின்று, ஊர்ந்து போவதில் சூடும் ஐடிலும் சேர்ந்தே கிடைக்கும். ஆரியங்காவு ஏற்றமும் அப்படித்தான். அய்யனார் 1,000 கிலோமீட்டர் காத்திருப்பார்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனத்தைவிடத் தாராளம் அதிகம் கெடுக்கிறது. “நல்ல ஆயிலா இருக்கட்டும்” என்று முழு சிந்தெடிக் வாங்கிவருகிறார்கள். முதல் 1,000 கிலோமீட்டருக்குச் சாதாரண மினரல் ஆயில் போதும். கிரேடு வண்டியின் புத்தகத்தில் உள்ளபடி. பழைய டீசல்களுக்கு 15டபிள்யூ-40 பெரும்பாலும் பொருந்தும். ஷோரூம் கார் சிந்தெடிக்கோடுதானே வருகிறது என்று கேட்பீர்கள். கம்பெனியில் ஹோனிங் கோட்டு மேடுகளை முன்கூட்டியே மழித்துத்தான் அனுப்புகிறார்கள். நம் ஊர் லேத்தில் அப்படி முடிப்பது அபூர்வம். புகை நிற்க ஊற்றும் டின் மருந்துகளைப் பற்றிக் கேட்காதீர்கள். கண்ணாடியான சுவரில் எந்த மருந்தும் கோடு போடாது. மறுபடி பிரித்து, ஹோனிங் போட்டு, புது ரிங் மாட்டுவது ஒன்றே வழி. அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

கூலிங் பக்கம் ஒரு பழைய நோய் இருக்கிறது. ‘நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு’ என்று இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த இன்ஜினில் ரிங் ஒழுங்காக உட்காராது. புதுசு வாங்கி மாட்டுங்கள். ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், டின்னில் எழுதியிருக்கிற விகிதம். முதல் ஒரு மணி நேரம் ஏசி வேண்டாம்.

எல்லாப் பழியும் ஓட்டுகிறவர்மேல் இல்லை. ஹோனிங் முடிந்த சிலிண்டர் பிளாக்கை டீசலில் அலசி, காற்றடித்து அப்படியே மாட்டுகிற பட்டறைகள் உண்டு. டீசல் எண்ணெயைக் கழுவும். கோடுகளுக்குள் பதிந்த கல்பொடியைக் கழுவாது. சுடுதண்ணீர், சோப்புத்தூள், நைலான் பிரஷ். தேய்த்துக் கழுவித் துடைத்தபின் வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் தொட்டுச் சுவரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாக வரும் வரைக்கும். இதை நேரில் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

முதல் ஆயிலை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஃபில்டரோடு மாற்றுங்கள். அடுத்தது 500-ல், அதற்கடுத்தது 1,000-ல். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். தகட்டை வெட்டி, உள்ளே மடிப்புத்தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். முதல் ஃபில்டரில் மை போலச் சாம்பல் பசையும் லேசான மினுமினுப்பும் இருக்கும், பயமில்லை. காந்தம் வைத்தால் ஒட்டுகிற செதில்கள், நகத்தில் நெருடுகிற துண்டுகள், செம்பு நிறத் துகள் இருந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். செம்பு நிறம் என்றால் பேரிங் மேல்பூச்சு போய் அடிப்பகுதி வரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் 1,000 கிலோமீட்டரில் கொஞ்சம் ஆயில் குறைவது சகஜம். 100 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, காலையில், சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்கள். நோட்டில் எழுதி வையுங்கள். குறையும் அளவு வரவரச் சுருங்க வேண்டும். 1,500 தாண்டியும் அதே அளவு குறைந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேச்சை விட்டுவிட்டுப் பிரிக்க வேண்டியதுதான்.

500 கிலோமீட்டர் சர்வீஸுக்குச் சாயங்காலம் வாருங்கள், இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை இறக்கிவிடலாம். ராத்திரி வண்டி இங்கேயே கிடக்கட்டும். டேப்பட் இடைவெளி பார்ப்பதும் பழைய வகை சிலிண்டர் ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்குவதும் இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு, காலையில். கோணம் வைத்து முறுக்கும் புதுவகை போல்ட்டை யாரும் தொடக் கூடாது. வருவதற்கு முன் மரியாதைக்காக வாட்டர் சர்வீஸ் விட்டு இன்ஜினைப் பளபளப்பாக்கிக்கொண்டு வராதீர்கள். எங்கே கசிகிறது என்பதை அந்தப் புழுதிதான் காட்டித்தரும்.