மைனஸ் மூன்று நிமிட நடை: பெருமம், சிறுமம் காண்பதில் நேரும் பிழைகள்

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்ற பாடத்தில் பெருமம், சிறுமம், அதாவது ஒரு சார்பு அக்கம்பக்கத்தைவிட மிக உயரும், மிகத் தாழும் இடங்களைக் காணும் பகுதி வந்ததும் மாணவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். சார்பை வகையிட வேண்டும், பூச்சியத்துக்குச் சமப்படுத்தித் தீர்க்க வேண்டும், மீண்டும் ஒருமுறை வகையிட்டுக் குறியைப் பார்க்க வேண்டும். ஐந்து மதிப்பெண் கைக்கு வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் விடைத்தாள்களைத் திருத்தும்போது, வகையிடுவதில் ஒரு பிழையும் செய்யாத பிள்ளைகளே இந்தப் பகுதியில் மதிப்பெண்ணை இழப்பதைப் பார்க்கிறேன். அவர்கள் தவறுவது வகையிடுவதற்கு முன்பும் வகையிட்டு முடித்த பின்பும்தான்.

வகுப்பில் நாங்கள் எக்ஸ் என்று எழுதும் மாறியை இந்தக் கட்டுரையில் ‘ம’ என்ற எழுத்தால் குறிக்கிறேன்.

பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில் போடும் கணக்கு ஒன்று உண்டு. கரையிலிருந்து 3 கி.மீ. தொலைவில் ஒருவர் படகில் இருக்கிறார். அவருக்கு நேரெதிரே உள்ள கரைப்புள்ளியிலிருந்து கரையோரமாக 8 கி.மீ. தள்ளி அவருடைய ஊர் இருக்கிறது. துடுப்பு வலித்தால் மணிக்கு 3 கி.மீ., நடந்தால் மணிக்கு 5 கி.மீ. செல்வார். எந்த இடத்தில் கரையேறினால் விரைவாக ஊர் போய்ச் சேரலாம்? நேரெதிர்ப் புள்ளியிலிருந்து ம கி.மீ. தள்ளிக் கரையேறுகிறார் என்றால், ஆகும் நேரம் √(9 + ம²) ÷ 3 + (8 − ம) ÷ 5 மணி. வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் 5ம = 3√(9 + ம²) என்று வரும்; இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 16ம² = 81, ஆகவே ம = 2.25. படகில் 3.75 கி.மீ. செல்ல 1 மணி 15 நிமிடமும், மீதி 5.75 கி.மீ. நடக்க 1 மணி 9 நிமிடமும் ஆகின்றன. மொத்தம் 2 மணி 24 நிமிடம்.

ஒரு மாதத் தேர்வில் இதே கணக்கில் 8 என்ற எண்ணை மட்டும் 2 என்று மாற்றிக் கொடுத்தேன். வகுப்பில் பெரும்பாலானோர் அப்போதும் 2.25 என்றே எழுதியிருந்தார்கள். ஊர் இருப்பதே 2 கி.மீ. தொலைவில், அதையும் தாண்டி 250 மீட்டர் போய்க் கரையேறிவிட்டுத் திரும்பி நடக்கச் சொல்லும் விடை அது. அதிலும் எல்லாவற்றையும் சரிபார்த்து எழுதும் பழக்கமுள்ள ஒரு மாணவியின் தாள் என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்தது. அவர் விடை கண்டதோடு நிற்காமல், நேராக ஊருக்கே படகைச் செலுத்தினால் எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கணக்கிட்டிருந்தார். √13 ÷ 3 மணி, அதாவது 72 நிமிடமும் ஏறத்தாழ 7 நொடியும். தாம் கண்ட 2.25 என்ற விடைக்கோ சரியாக 72 நிமிடம். ‘ஆகவே 2.25 கி.மீ.யில் கரையேறுவதே சிறந்தது’ என்று அடிக்கோடிட்டு முடித்திருந்தார்.

அந்த 72 நிமிடம் எப்படி வந்தது என்று மேலே தேடினேன். படகில் 75 நிமிடம். நடைக்கு (2 − 2.25) ÷ 5, அதாவது மைனஸ் 0.05 மணி. மைனஸ் மூன்று நிமிடம். தாளைக் காட்டி, “ஏம்மா, இவர் பின்னாடி நடந்தா கடிகாரமும் பின்னாடி ஓடுமா?” என்று கேட்டேன். “சார், சூத்திரத்துல போட்டா அப்படித்தானே சார் வருது” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. உண்மையில் திரும்பி நடக்கும் அந்த மூன்று நிமிடத்தைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். 78 நிமிடம் ஆகும். நேராக ஊருக்கே படகைச் செலுத்துவதுதான் சரியான விடை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊர் 8 கி.மீ.யில் இருந்தாலும் 2 கி.மீ.யில் இருந்தாலும் 80 கி.மீ.யில் இருந்தாலும் வகைக்கெழு, அதாவது வகையிட்டுக் கிடைக்கும் சாய்வு, ஒன்றேதான். ஊரின் தொலைவு சார்பில் ஒரு மாறிலியாக நிற்கிறது. வகையிட்டதும் அது காணாமல் போகிறது. ஊர் எங்கே இருக்கிறது என்பது வகைக்கெழுவுக்குத் தெரியவே தெரியாது. அதை அறிந்தது சார்பகம் ஒன்றுதான்: ம என்பது 0 முதல் 2 வரை மட்டுமே செல்லும் என்ற அந்த ஒற்றை வரி. அந்த வரியை முதலில் எழுதியிருந்தால், 2.25 அந்த இடைவெளிக்குள்ளேயே இல்லை என்பது உடனே கண்ணில் பட்டிருக்கும், 2.25க்குக் கீழே வகைக்கெழு குறை எண்ணாகவே இருப்பதால் சார்பு 0 முதல் 2 வரை இறங்கிக்கொண்டே போகிறது, சிறுமம் வலது முனையில் கிடைக்கிறது என்பதும் தெளிவாகியிருக்கும். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பின் மீப்பெரு மதிப்பையும் மீச்சிறு மதிப்பையும் தேடுகிறவர், உள்ளே இருக்கும் மாறுநிலைப் புள்ளிகளோடு (வகைக்கெழு பூச்சியமாகும் அல்லது இல்லாமல் போகும் புள்ளிகள்) இரு முனைகளிலும் சார்பின் மதிப்பைக் கண்டு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இனி வகைக்கெழு பூச்சியமாகும் புள்ளிகளுக்கு வருவோம். பெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் தேற்றம் சொல்வது இதுதான்: இடைவெளியின் உட்புள்ளி ஒன்றில் சார்புக்கு இடஞ்சார்ந்த பெருமமோ சிறுமமோ இருந்து, அங்கே வகைக்கெழுவும் இருக்குமானால், அந்த வகைக்கெழு பூச்சியம். இதை மாணவர்கள் தலைகீழாகப் படித்துக்கொள்கிறார்கள். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது என்பதற்காக மழை பெய்தது என்று சொல்லிவிட முடியாது, தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போயிருக்கலாம். ம³ என்ற சார்பின் வகைக்கெழு 3ம²; ம = 0 என்னும்போது அது பூச்சியம். ஆனால் அந்தப் புள்ளிக்கு இடப்புறமும் ஏற்றம், வலப்புறமும் ஏற்றம். வளைவரை ஒரு கணம் கிடைமட்டமாகி மீண்டும் ஏறிப் போகிறது. அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை.

தேற்றத்தில் ‘வகைக்கெழுவும் இருக்குமானால்’ என்ற பகுதியையும் பலர் வாசிப்பதில்லை. ம என்பதன் மட்டு மதிப்புக்கு, அதாவது குறியை விட்டுவிட்ட அளவுக்கு, 0இல் சிறுமம் இருப்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். அங்கே வளைவரை முனையாக மடிவதால் வகைக்கெழுவே கிடையாது. பூச்சியத்துக்குச் சமப்படுத்தும் சமன்பாட்டை மட்டும் நம்பியிருப்பவர் இந்தச் சிறுமத்தை ஒருபோதும் காணமாட்டார். வகைக்கெழு பூச்சியமாகும் புள்ளி, வகைக்கெழு இல்லாமல் போகும் சார்பகப் புள்ளி ஆகிய இரண்டும் சேர்ந்ததே மாறுநிலைப் புள்ளிகளின் பட்டியல்.

பட்டியல் எழுதும்போதே ஒரு புள்ளியைத் தொலைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ம⁴ − 2ம² என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். வகைக்கெழு 4ம³ − 4ம. இதைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி 4ம³ = 4ம என்று எழுதியவுடன் கை தானாகவே இருபுறமும் ம என்பதை அடித்துவிடுகிறது. ம² = 1, எனவே ம = 1 அல்லது −1. இரண்டு புள்ளிகளிலும் சார்பின் மதிப்பு −1, இரண்டும் சிறுமங்கள். ‘இச்சார்புக்குப் பெருமம் இல்லை’ என்று முடித்த தாள்கள் எத்தனையோ. அடித்துவிட்ட அந்த ம, பூச்சியமாக இருக்கலாம் அல்லவா? ம = 0இல் சார்பின் மதிப்பு 0; இந்தச் சார்பின் ஒரே இடஞ்சார்ந்த பெருமம் அங்கேதான் இருக்கிறது. பொதுக்காரணியை வெளியே எடுத்து 4ம(ம² − 1) = 0 என்று எழுதியிருந்தால் இந்த இழப்பே இல்லை. கணக்கைத் திரும்பிப் பார்க்காமலேயே இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. அறுபடாத ஒரு பாதையில் இரண்டு பள்ளங்கள் இருந்தால் நடுவே ஒரு மேடு இருந்தே தீர வேண்டும். தொடர்ச்சியான சார்புக்கு அடுத்தடுத்து இரண்டு சிறுமங்கள் கிடைத்து, நடுவே பெருமம் கிடைக்கவில்லை என்றால் எங்கோ ஒரு மூலத்தை விழுங்கிவிட்டோம் என்று பொருள்.

தொடர்ச்சி என்ற சொல்லை இங்கே வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ம + 1/ம என்ற சார்புக்கு ம = −1இல் இடஞ்சார்ந்த பெருமம்; அதன் மதிப்பு −2. ம = 1இல் இடஞ்சார்ந்த சிறுமம்; அதன் மதிப்பு 2. பெருமத்தைவிடச் சிறுமம் பெரியது! முதன்முறை இதைக் காணும் மாணவர்கள் குறியை மாற்றிப் போட்டுவிட்டோம் என்று பதறி, சரியான விடையை அடித்துவிட்டுத் தவறாக எழுதுவார்கள். ம = 0இல் சார்பு வரையறுக்கப்படவில்லை; வளைவரை இரண்டு துண்டுகளாகக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் தன் அக்கம்பக்கத்தோடு மட்டுமே ஒப்பிட்டுச் சூட்டப்பட்ட பெயர்கள்தான் இந்தப் பெருமமும் சிறுமமும். தெருவிலேயே உயரமானவர் அடுத்த தெருவின் குள்ளரைவிடக் குள்ளமாக இருக்கக்கூடும்.

இரண்டாம் வகைக்கெழுச் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் வகைக்கெழு மிகை எனில் சிறுமம், குறை எனில் பெருமம் என்பது காதுக்குத் தலைகீழாக ஒலிப்பதால் மனப்பாடம் செய்தவர்கள் தேர்வறையில் குழம்பிவிடுகிறார்கள். இதில் மனப்பாடத்துக்கு எதுவுமே இல்லை. இரண்டாம் வகைக்கெழு என்பது சாய்வு மாறும் வீதம். அது மிகையாக இருந்தால் சாய்வு கூடிக்கொண்டு போகிறது. பூச்சியத்தைக் கடந்து கூடுகிற சாய்வு அதற்கு முன் குறையாகவும் பின் மிகையாகவும்தான் இருக்க முடியும். அதாவது முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். தண்ணீர் தேங்கும் குழி அது, சிறுமம்.

சிக்கல், இரண்டாம் வகைக்கெழுவும் பூச்சியமாகும்போது வருகிறது. ‘இரண்டாம் வகைக்கெழு 0, எனவே இது வளைவு மாற்றப் புள்ளி’ (வளைவரை வளையும் திசை மாறும் இடம்) என்ற வரியை எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை. அந்த நிலையில் சோதனை எதையுமே சொல்லவில்லை என்பதுதான் உண்மை. ம⁴ என்ற சார்புக்கு 0இல் இரண்டாம் வகைக்கெழு பூச்சியம். அங்கே இருப்பது சிறுமம். ம³ என்ற சார்புக்கும் 0இல் பூச்சியம்; அங்கே வளைவு மாற்றப் புள்ளி. ம⁴ − 4ம³ என்ற சார்பின் வகைக்கெழு 4ம²(ம − 3). பூச்சியமாகும் இடங்கள் 0, 3. ம = 3இல் இரண்டாம் வகைக்கெழு 36, ஆகவே சிறுமம், மதிப்பு −27. ம = 0இல் இரண்டாம் வகைக்கெழு கைவிரித்துவிடுகிறது. இங்கே முதல் வகைக்கெழுவிடம் திரும்பிப் போக வேண்டும்: ம = −1 என்று போட்டால் −16, ம = 1 என்று போட்டால் −8. இரு புறமும் இறக்கம், குறி மாறவில்லை, எனவே 0இல் பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. கேள்வி இரண்டாம் வகைக்கெழுச் சோதனையைப் பயன்படுத்து என்று வெளிப்படையாகக் கேட்டாலொழிய, என் மாணவர்களை நான் முதல் வகைக்கெழுவின் குறி அட்டவணையே போடச் சொல்கிறேன். இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். ஆனால் அது பாதி வழியில் கைவிடுவதில்லை, வளைவரை மடிந்து வகைக்கெழு இல்லாமல் போகும் புள்ளிக்கும் பயன்படுகிறது.

கடைசியாக ஒரு டின் கணக்கு. மூடியுடன் கூடிய உருளை வடிவ டின் ஒன்று 1 லிட்டர், அதாவது 1000 கன செ.மீ. கொள்ள வேண்டும், தகடு மிகக் குறைவாகச் செலவாக வேண்டும். ஆரம் ம எனில் புறப்பரப்பு 2பை·ம² + 2000/ம. வகையிட்டுத் தீர்த்தால் ஆரம் ஏறத்தாழ 5.42 செ.மீ., உயரம் அதன் சரியாக இரு மடங்கு, பரப்பு சுமார் 553.6 சதுர செ.மீ. ஒரு மாணவர் ஆரத்தை 5 என்று வைத்துப் பார்த்துவிட்டு, பரப்பு 557.1தானே வருகிறது, இந்த மூன்றரைக்காகவா சார் இவ்வளவு பாடு என்று கேட்டார். நல்ல கேள்வி. சிறுமத்தின் அருகே சாய்வு பூச்சியத்தை ஒட்டி இருப்பதால், ஆரத்தில் எட்டு சதவீதம் விலகினாலும் பரப்பு ஒரு சதவீதம்கூட மாறுவதில்லை. வானியல் அறிஞர் கெப்ளர் 1613இல் தம் இரண்டாம் திருமணத்துக்கு மதுப்பீப்பாய்கள் வாங்கியபோது, வியாபாரி ஒரு கோலை உள்ளே விட்டுக் கொள்ளளவைச் சொன்ன முறை அவரை உறுத்த, 1615இல் பீப்பாய்களின் கன அளவு பற்றி ஒரு நூலே எழுதினார். பெருமத்தின் அருகே மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதை அதில் குறித்திருக்கிறார். வகையிடும் விதிகளை ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1684இல் வெளியிடுவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பு அது.

டின் கணக்கில் ஆரத்துக்கு மேல் எல்லையும் இல்லை, தொட்டு நிற்கக் கீழ் முனையும் இல்லை. 0ஐவிடப் பெரிய எந்த எண்ணும் வரலாம். முனைகளே இல்லாதபோது 5.42 தருவதுதான் மீச்சிறு மதிப்பு என்று எதைக் கொண்டு சொல்வது? இரண்டாம் வகைக்கெழு மிகை என்று எழுதினால் மட்டும் போதாது. ஒரே ஒரு புள்ளியில் அது மிகை என்பது, அந்தப் புள்ளியின் அக்கம்பக்கத்துக்கு மட்டும் சான்று. ஆரம் 0ஐ நெருங்கினால் 2000/ம கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. ஆரம் பெருகிக்கொண்டே போனால் 2பை·ம² பெருகுகிறது. இடையில் மாறுநிலைப் புள்ளி ஒன்றே ஒன்றுதான் உண்டு, ஆகவே மீச்சிறு மதிப்பு அங்கேதான் இருந்தாக வேண்டும். இந்த ஒற்றை வாக்கியத்தை எழுதாமல் விடும் தாளுக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை; ஆனால் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுவிடுகிறேன்.