‘அசல்’ படம் என்பது எது? ஒரு சொல் விளக்கம்

விழா மலருக்கோ நினைவு மலருக்கோ பக்கம் அமைக்க உட்காருபவர், படம் தரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கோரிக்கையைத்தான் வைக்கிறார். “ஒரிஜினல் ஃபைலை அனுப்புங்க, வாட்ஸ்அப்பில் போட்டால் படம் உடைஞ்சிரும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க” என்பார். எதிரில் இருப்பவர் சற்று வயதானவராக இருந்தால் அதையே “அசல் படம் வேணும்” என்று சொல்வார். ஒரிஜினல், அசல் என்ற இரண்டும் தமிழில் அவ்வளவு இயல்பாகப் புழங்குவதால், அவை குறிக்கும் பொருள் எது என்று நாம் நின்று பார்ப்பதில்லை. பக்க அமைப்பில் நேரும் பிழைகளில் ஒரு பெரும்பங்கு இந்தத் தெளிவின்மையிலிருந்தே வருகிறது என்பது என் அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்கு நான் பக்கம் அமைத்தேன். ஆசிரியர்களின் குழுப்படம் என் கணினியின் ஒளிப்படத் தொகுப்பில் இருந்தது. அதைத் திரையில் பெரிதாகத் திறந்து, சுட்டியால் பிடித்து இழுத்து, பக்கத்தில் இருந்த படச்சட்டத்துக்குள் விட்டேன். திரையில் அது கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அச்சாகி வந்தபோதோ பின்வரிசையில் நின்றவர்களின் முகங்கள் மெழுகு பூசியவைபோல் மழுங்கியிருந்தன. கேமரா எடுத்த கோப்பில் அகலவாட்டில் 4032 படப்புள்ளிகள் (பிக்சல்கள்) இருந்தன. எட்டு அங்குல அகலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 504 புள்ளிகள் கிடைத்திருக்கும். நான் இழுத்துவிட்டதோ முன்னோட்டத்துக்காக அந்த மென்பொருள் செய்து வைத்திருந்த 1024 புள்ளி அகலமுள்ள பிரதி. எட்டு அங்குலத்துக்கு அதை விரித்தால் அங்குலத்துக்கு 128 புள்ளிகளே தேறும். நல்ல தாளில் ஆஃப்செட் அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது 300. நான் தொட்டது அசல் என்றே கடைசிவரை நினைத்திருந்தேன்.

‘அசல்’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அரபியில் ‘அஸ்ல்’ என்றால் வேர், அடி, தோற்றுவாய். தமிழில் அது முதலில் வேரூன்றிய இடங்கள் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகமும் கணக்கும் பத்திரமும். கடனில் வட்டி நீங்கலான தொகை அசல். நீதிமன்றத்தில் முதன்முதலாகத் தொடுக்கப்படும் உரிமையியல் வழக்கு அசல் வழக்கு. கலப்படமில்லாத நெய் அசல் நெய். 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வாகனம் ஓட்டுபவர்கள் உரிமத்தின் நகலை வைத்திருந்தால் போதாது என்ற உத்தரவு வந்தபோது, ‘அசல் ஓட்டுநர் உரிமம்’ என்ற தொடர் எல்லா நாளிதழ்களிலும் பல வாரங்கள் இடம்பெற்றது. இத்தனை இடங்களிலும் பொருள் ஒன்றே: எதிலிருந்து மற்றவை கிளைக்கின்றனவோ, அது.

தமிழில் உருவத்தால் இதை ஒத்த வேறு சொற்களும் உண்டு. ‘அசலூர்’, ‘அயல் அசல்’ என்னும்போது வரும் அசல் ‘பக்கத்து, வெளியார்’ என்ற பொருளில் ‘அயல்’ என்பதோடு சேர்வது. அருணாசலத்தில் உள்ள ‘அசலம்’ அசையாதது, மலை என்ற பொருளுடைய வடசொல். இவற்றுக்கும் நாம் பேசும் அசலுக்கும் உறவில்லை. உறவுடையதும் மிகவும் சுவையானதுமான வழக்கு ‘அச்சு அசல்’ என்பது. “பையன் அச்சு அசல் அப்பாவேதான்” என்கிறோம். அச்சில் வார்த்ததுபோல் மூலத்தோடு வேற்றுமையின்றி இருப்பது என்பது கருத்து. ஆனால் அங்கே அசல் என்று புகழப்படுவது பிரதி. கண்ணுக்கு ஒத்திருந்தால் அதுவே அசல் என்று ஏற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கம் பேச்சில் அழகாக இருக்கிறது. பக்கம் அமைக்கும்போது அதே பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. திரையில் முன்னோட்டப் பிரதியும் மூலமும் அச்சு அசலாக ஒன்றுபோல்தான் தெரியும்.

அசலின் இணையான ‘நகல்’ என்பதும் அரபிதான். அங்கே ‘நக்ல்’ என்பதன் அடிப்படைப் பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லுதல். அதிலிருந்தே ஒரு தாளில் உள்ளதை இன்னொரு தாளுக்குக் கொண்டுபோதல், அதாவது படியெடுத்தல் என்ற பொருள் கிளைத்தது. ஒளிப்படத் தொகுப்பிலிருந்து பக்க அமைப்பு மென்பொருளுக்குப் படத்தைக் கொண்டுவருவதைத் தமிழ் இடைமுகங்கள் ‘இறக்குமதி’ என்கின்றன. சரக்கை இறக்குமதி செய்தால் சரக்கே வந்து சேரும். கணினியில் கோப்பு வந்து சேருவதில்லை. அதன் நகல் ஒன்றுதான் வந்து சேருகிறது. பல பக்க அமைப்பு மென்பொருள்களில் அதுகூட வருவதில்லை. இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்றவற்றில் படத்தை வைக்கும்போது, பக்கத்தில் தெரிவது ஒரு முன்னோட்டம். மூலக்கோப்பு வட்டில் இருந்த இடத்திலேயே இருக்க, அந்த இடத்தின் முகவரி மட்டும் ஆவணத்தில் பதிவாகிறது. அச்சுக்குரிய பிடிஎஃப் உருவாகும்போது மென்பொருள் அந்த முகவரிக்குப் போய் முழுப் படத்தையும் எடுத்துக்கொள்கிறது. இடையில் யாராவது கோப்புறையை மாற்றிவிட்டால் முகவரி வெறுமையாகி, முன்னோட்டமே அச்சுக்குப் போகும் ஆபத்து உண்டு. இதனால்தான் பக்க அமைப்பாளர்கள் இன்டிசைனின் ‘லிங்க்ஸ்’ பலகத்தை அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள். கோப்புக்குள் குறித்திருக்கும் அடர்த்தியும் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது), படத்தைப் பெரிதாக்கிய அல்லது சிறிதாக்கிய பின் மெய்யாகவே கிடைக்கும் அடர்த்தியும் அங்கே தனித்தனி எண்களாகத் தெரியும். நம்ப வேண்டியது இரண்டாவது எண்ணை.

ஆங்கிலத்தின் ‘ஒரிஜினல்’ இலத்தீனின் ‘ஒரீரி’ என்ற வினையிலிருந்து வருவது. எழுதல், உதித்தல் என்பது அதன் பொருள். கதிரவன் எழும் திசையைக் குறிக்கும் ‘ஓரியண்ட்’ என்ற சொல்லும் அதே வினையின் பிள்ளை. ஆப்பிள் கணினிகளில் ‘ஃபோட்டோஸ்’ செயலி வைத்திருக்கும் தொகுப்புக்குள் நுழைந்து பார்த்தால், கேமராவிலிருந்து வந்த கோப்புகள் இன்று ‘ஒரிஜினல்ஸ்’ என்ற பெயருள்ள கோப்புறையில் இருக்கின்றன. 2019இல் கேட்டலினா இயங்குதளம் வரும்வரை அந்தக் கோப்புறையின் பெயர் ‘மாஸ்டர்ஸ்’. செயலி தன் வசதிக்காகச் செய்துகொள்ளும் சிறிய படங்கள் ‘டெரிவேட்டிவ்ஸ்’ என்ற வேறொரு கோப்புறையில் கிடக்கின்றன. (அந்தத் தொகுப்புக்குள் நேரடியாகக் கைவைத்துக் கோப்புகளை இடம் மாற்றவோ பெயர் மாற்றவோ கூடாது; தொகுப்பின் தரவுத்தளம் குலைந்துவிடும். பார்ப்பதோடு நிற்க வேண்டும்.) ‘டெரிவ்’ என்ற சொல்லின் அடியில் இலத்தீனில் ஓடையைக் குறிக்கும் ‘ரீவுஸ்’ இருக்கிறது. ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்புவதே அதன் பழம்பொருள்.

ஒன்று ஊற்று, மற்றது அதிலிருந்து பிரிந்த வாய்க்கால். இந்த உறவைச் சொல்லத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. “முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்” என்று நன்னூல் மூன்றாகச் சொல்கிறது. ‘முதல்’ என்பது பழைய தமிழில் தொடக்கத்தையும், மரத்தின் அடிப்பாகத்தையும், வணிகத்தில் இடும் பொருளையும் குறித்த சொல். அரபியின் அஸ்ல் வேரிலிருந்து கடன்தொகைக்கு எவ்வாறு நகர்ந்ததோ, அவ்வாறே நம் முதலும் மரத்தடியிலிருந்து வணிகத்துக்கு நகர்ந்திருக்கிறது. “ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்” என்ற குறளில் வரும் முதல், பிற்காலத்தில் நாம் அசல் என்று சொல்லத் தொடங்கியதேதான்.

முதல், வழி என்ற இந்த இணையைப் படத்துக்குப் பொருத்திப் பார்த்தால் அது வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. வழிநூலுக்கு நன்னூல் தரும் இலக்கணம் “முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி” அமைவது என்பது. முதல்நூலின் முடிவுகளோடு முழுதும் ஒத்து, பின்னவர் விரும்பும் வேறுபாடுகளையும் கொண்டது வழிநூல். ஓரம் வெட்டி, நிறம் திருத்தி, அச்சுக்காக ஏற்றுமதி செய்யப்படும் படம் வேறென்ன செய்கிறது? தொல்காப்பியம் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று நால்வகைப்படுத்துவதையும் இங்கே நினைக்கலாம். படத்தின் அளவைக் குறைப்பது தொகுத்தல். ஐபோன் 2017 முதல் சேமித்துவரும் ஹெச்இஐசி என்ற கோப்பு வடிவத்திலிருந்து ஜேபெக், டிஃப் போன்ற வேறு பட வடிவத்துக்கு மாற்றுவது மொழிபெயர்த்தல். விரித்தலில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நூலை விரிப்பவருக்குச் சொல்லப் புதிய செய்தி இருக்கலாம். 1024 புள்ளிப் படத்தை 4032ஆகப் பெருக்கும் மென்பொருளிடம் அந்த இடத்தில் என்ன இருந்தது என்ற செய்தி இல்லை. அது ஊகித்தே இட்டு நிரப்புகிறது. நன்னூலின் மூன்றாம் வகையான சார்புக்கும் படத்தில் இணை தேடலாம். ஆனால் அது வலிந்து பொருத்துவதாகிவிடும், இரண்டே போதும்.

ஆகவே டெரிவேட்டிவ் என்பதற்கு ‘வழிப்படம்’ என்பதை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒரிஜினலுக்கு ‘முதற்படம்’ என்பதே அதன் நேர் இணை. அதில் ஒரு தடை உள்ளது. ‘முதல் படம்’ என்றால் ஒரு நடிகரோ இயக்குநரோ முதலில் செய்த திரைப்படம் என்றே இன்றைய வாசகர் மனத்தில் படும். எனவே எழுத்தில் ‘மூலப்படம்’ நல்லது. ‘மூலம்’ வடமொழியில் வேர் என்று பொருள்படுவது. ‘மூலமும் உரையும்’ என்று பழைய பதிப்புகளின் முகப்பில் அச்சிட்டுப் பழகியது. ‘மூலச் சான்றிதழ்’, ‘மூலப்பத்திரம்’ என்று அலுவலகங்களிலும் நிலைத்தது. நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரம் என்று அதையே அன்போடு சொல்கிறார். அசல் என்ற சொல்லை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடையில், தொலைபேசியில், படம் தருபவரிடம் அசல் என்பதே சட்டென விளங்கும். ஆனால் அச்சொல் இரண்டு பொருளைச் சேர்த்துச் சுமக்கிறது. கையேட்டிலும் வேலைக்குறிப்பிலும் அவற்றைப் பிரித்தே ஆக வேண்டும்.

அந்த இரண்டு பொருள்கள் எவை? ஒன்று, மாற்றம் எதுவும் செய்யப்படாதது. மற்றொன்று, தரம் குறையாதது. ஃபோட்டோஸ் செயலியில் ‘அன்மாடிஃபைடு ஒரிஜினலை ஏற்றுமதி செய்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. கேமரா எழுதிய கோப்பை அது ஒரு புள்ளி குறையாமல் தரும். ஆனால் அந்தப் படத்தில் நீங்கள் செய்திருந்த திருத்தங்கள் எதுவும் அதில் இருக்காது. வெட்டியெடுத்த ஓரத்தில் நின்ற குப்பைத்தொட்டி திரும்பி வந்துவிடும். வெளிச்சம் கூட்டிய முகம் மீண்டும் இருண்டுவிடும். ‘அசல்தான் வேண்டும்’ என்று விடாப்பிடியாகக் கேட்ட பக்க அமைப்பாளருக்கு இப்படி ஒரு படம் வந்துசேர்வதும், அவர் அதை அப்படியே பக்கத்தில் வைப்பதும் நடக்கின்றன. அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது மூலப்படம் அல்ல, முழுத்தர வழிப்படம். அதற்குரிய கட்டளை சாதாரண ஏற்றுமதிக் கட்டளை. அதில் அளவை முழு அளவு என்றும், வடிவத்தை டிஃப் என்றோ மிக உயர்ந்த தரத்து ஜேபெக் என்றோ தேர்ந்தெடுத்தால், திருத்தங்களும் இருக்கும், வெட்டியது போக எஞ்சிய புள்ளிகள் ஒன்றும் குறையா. திருத்தமே செய்யாத படமென்றால் மூலப்படமும் முழுத்தர வழிப்படமும் அச்சுக்கு ஏறத்தாழ ஒரே பயன்தான் தரும்; கேமராவின் ரா கோப்பாக இருந்தால் அங்கும் வழிப்படம் எடுத்தே ஆக வேண்டும், ஏனெனில் ரா கோப்பு உணரி பதிந்த தரவே தவிர இன்னும் படமாகத் துலங்காதது.

இன்னொரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். கணினியில் இடம் மிச்சமாகட்டும் என்று ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் ‘சேமிப்பை உகந்ததாக்கு’ என்ற வகை அமைப்பை இயக்கியிருந்தால், மூலப்படங்கள் தொலைவில் உள்ள சேவையகத்துக்குப் போய்விட, கணினியில் பல படங்களுக்குச் சிறிய வழிப்படமே எஞ்சலாம். ஏற்றுமதிக் கட்டளை கொடுத்தால் மூலம் பதிவிறங்கிய பிறகே கோப்பு வரும். இணைய இணைப்பு இல்லாத இடத்தில் அது நடக்காது. மலர் வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் புறப்படுமுன் ஏற்றுமதியை முடித்துவிட வேண்டும்.

பள்ளி மலர் அனுபவத்துக்குப் பின் நான் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்புறைகளை வைத்துக்கொள்கிறேன்; ஒன்றின் பெயர் ‘மூலம்’, மற்றதன் பெயர் ‘வழி’. படம் தருபவர்களிடமிருந்து வருவது முதலாவதில் விழும். அதை நான் திறப்பேனே தவிர அதன்மேல் சேமிப்பதில்லை. திருத்தி ஏற்றுமதி செய்தது இரண்டாவதில் போகும். பக்கத்திலிருந்து முகவரி போவது எப்போதும் அந்த இரண்டாவதற்கே. படம் கேட்டு எழுதும் கடிதத்திலும் ‘அசல் படம் அனுப்புக’ என்ற பழைய வரியை எடுத்துவிட்டேன். இப்போது எழுதுவது இது: “கேமராவிலோ கைபேசியிலோ பதிவான மூலப்படத்தை அளவு குறைக்காமல் அனுப்பவும். நீங்கள் வெட்டியோ நிறம் திருத்தியோ இருந்து, அந்தத் திருத்தத்தோடே அச்சாக வேண்டும் என்று விரும்பினால், அதன் முழு அளவு வழிப்படத்தையும் சேர்த்து அனுப்பவும்.”